வெளிநாட்டுச் செய்தியை எப்படிப் படிப்பது? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்ரைன், காசா, இலங்கை, ஈரான் என்று தினமும் பேப்பரிலும் போனிலும் வந்து விழும் செய்திகளைப் பற்றி நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எந்த நாட்டின் பக்கம் நிற்பது என்பது உங்கள் முடிவு. கையில் இருக்கும் செய்தி எந்தெந்தக் கைகளைத் தாண்டி வந்தது, வழியில் எது உதிர்ந்தது என்று கண்டுபிடிப்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

ஊடகச் சார்பு என்றால் பொய்ச் செய்தி போடுவதுதானே?

பொய் அதில் சின்னப் பங்குதான். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கூட்டம் திரண்டது. நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் காவல் நிலையமும் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஆங்கில அரசின் ஆவணங்களில் இதற்குப் பெயர் ‘டின்னவேலி கலவரம்’. நமக்கு ‘நெல்லை எழுச்சி’. தீ வைத்ததையும் சுட்டதையும் இரண்டு பெயர்களுமே மறைக்கவில்லை. ஆனால் ‘கலவரம்’ என்று படித்த லண்டன்காரர் அடுத்துக் கேட்பது, “எத்தனை பேரைப் பிடித்தார்கள்?” ‘எழுச்சி’ என்று படித்தவர் கேட்பது, “எதற்காக எழுந்தார்கள்?” நாம் கேட்கப்போகும் கேள்வியைச் செய்தியில் வரும் ஒரு சொல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

சொல்லைத் தேர்வதைப் போலவே, எந்தச் சம்பவத்தைப் போடுவது, யார் வாயால் சொல்லவைப்பது, முதல் பக்கத்திலா ஒன்பதாம் பக்கத்திலா என்பதிலும் சார்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாதது, விட்டுவிடுவது. சூடானில் 2023 ஏப்ரல் 15-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் வீடு இழந்திருக்கிறார்கள். அதைப் பற்றித் தமிழ்ப் பேப்பரில் நீங்கள் கடைசியாகப் படித்தது எப்போது? அங்கே நம் ஆட்கள் அதிகம் இல்லை, பெரிய செய்தி நிறுவனங்களின் நிருபர்களும் குறைவு. அதனால் அந்தப் போர் நம் மனதில் நடக்கவே இல்லை. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் ஆய்வு செய்து 1972-ல் வெளியிட்டார்கள். ஊடகம் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்ததோ, வாக்காளரும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் பிரச்சினைகளை முக்கியம் என்று சொன்னார்கள்.

உள்ளூரில் அச்சாகும் பேப்பரில் கீவ் நகரச் செய்தி எப்படி வருகிறது?

கீவில் நம் பேப்பருக்கு நிருபர் கிடையாது. உலகச் செய்தியின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களின் வழியாக வருகிறது: நியூயார்க்கில் 1846-ல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ், லண்டனில் 1851-ல் தொடங்கிய ராய்ட்டர்ஸ், 1944 முதல் இன்றைய பெயரில் பாரிஸிலிருந்து இயங்கும் ஏ.எஃப்.பி. இந்தியாவில் 1949-ல் சேவையைத் தொடங்கிய பி.டி.ஐ. என்ற செய்தி நிறுவனத்தின் வழியாகவும் வெளிநாட்டுச் செய்தி பத்திரிகைகளுக்குப் போகிறது.

கண்ணால் பார்த்தவர் உள்ளூர் நிருபரிடம் சொல்கிறார். அவர் எழுதியது அந்த நாட்டு அலுவலகத்துக்கும், அங்கிருந்து லண்டனுக்கோ பாரிஸுக்கோ போகிறது. அங்கே செதுக்கப்பட்ட ஆங்கிலச் செய்தி இங்கே தமிழ் டெஸ்க்குக்கு வருகிறது. உதவி ஆசிரியர் அதைத் தமிழாக்குகிறார், இடத்துக்கு ஏற்ப வெட்டுகிறார். கடைசியில் அது பெட்டிக்கடையில் தொங்கும் போஸ்டரில் நாலு சொல்லாகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு வெட்டு விழுகிறது. மூலம் ரஷ்ய மொழியிலோ அரபியிலோ ஹீப்ருவிலோ இருந்தால், நாம் படிப்பது இரண்டு முறை மொழிமாறிய செய்தி. எட்டயபுரத்து பாரதி 1904-ல் சுதேசமித்திரனில் சேர்ந்து செய்த வேலையும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவதுதான். நூற்றிருபது ஆண்டு கழித்தும் உலகம் நமக்கு ஆங்கிலத்தின் வாசல் வழியாகவே வருகிறது.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். குளிர்காலத்தில் நியூயார்க்கில் பிற்பகல் 3 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 1.30. ஐ.நா. பாதுகாப்பு அவையில் அந்நேரம் நடக்கும் வாக்கெடுப்பு, பக்கம் மூடியபின் வந்தால் மறுநாள் பேப்பரில் இருக்காது. அதற்கடுத்த நாள் பேப்பரில் ‘நேற்று’ என்று வந்திருந்தால், எந்த ஊர் நேற்று என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்ச் செய்தியில் குறிப்பாக எதைக் கவனிக்க வேண்டும்?

வாக்கியத்தின் வாலை. தமிழில் “என்று இன்னார் கூறினார்” என்பது கடைசியில் வருகிறது. இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். பழகுவதற்காக ஒரு கற்பனைச் செய்தி:

“நகரின் சந்தை அருகே செவ்வாய்க்கிழமை நடந்த வெடிப்பில் குறைந்தது 12 பேர் இறந்ததாக நகர சுகாதார அதிகாரி ஒருவர் தெரிவித்தார். வெடித்தது எதிர்த்தரப்பின் ஏவுகணை என்று இரு தரப்புமே சொல்கின்றன. இதைச் சுயமாக உறுதிசெய்ய முடியவில்லை.”

பக்கத்தில் இதன் தலைப்பு: “சந்தையில் ஏவுகணைத் தாக்குதல்: 12 பேர் பலி.” போஸ்டரில்: “ஏவுகணை வீச்சு, 12 பேர் பலி.” யூடியூப் முகப்புப் படத்தில்: “கொத்துக் கொத்தாகப் பலி! அடுத்து என்ன?” என்னென்ன உதிர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். ‘குறைந்தது’ போயிற்று. சொன்ன அதிகாரி போனார். இரு தரப்பின் மறுப்பும் போயிற்று. ‘உறுதிசெய்ய முடியவில்லை’ போயிற்று. வெடிப்பு, தாக்குதலாக மாறியது. யாரும் வேண்டுமென்று திரிக்கவில்லை, பத்தி அகலம் அவ்வளவுதான். அதனால்தான் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு நாட்டைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

அடுத்தது, எழுவாய் இல்லாத வினைகள். “கூறப்படுகிறது”, “தெரிகிறது”, “தகவல் வெளியாகியுள்ளது”: யார் கூறினார், யாருக்குத் தெரிந்தது, யார் வெளியிட்டார்? பதில் செய்தியில் எங்கேயும் இல்லை என்றால் அந்த வரியைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டு மீதியைப் படியுங்கள். மீதியில் செய்தி நிற்கிறதா பாருங்கள். டீக்கடையில் “பன்னெண்டு பேரு செத்துட்டாங்களாம்” என்கிறோமே, அந்த ‘ஆம்’ விலைமதிப்பற்றது. கேள்விப்பட்டதைக் கண்டதுபோலச் சொல்லாத நேர்மை அதில் இருக்கிறது. அச்சில் ‘பலி’ என்று முடிக்கும்போது அந்த ‘ஆம்’ காணாமல் போகிறது.

தீவிரவாதி, பயங்கரவாதி, போராளி, கிளர்ச்சியாளர்: எல்லாம் ஒன்றுதானே?

ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் ‘மிலிட்டன்ட்’ என்றும் ‘டெரரிஸ்ட்’ என்றும் பிரித்து எழுதுவது யோசித்துச் செய்வது. இரண்டாவது சொல்லைத் தன் வாயால் சொல்லாமல், சொன்னவர் பெயரோடு மட்டுமே போடுவது பி.பி.சி.யின் நடைமுறை. 2023 அக்டோபரில் அதற்காகவே பெரும் விமர்சனத்தைச் சந்தித்தது. தமிழில் தீவிரவாதியும் பயங்கரவாதியும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குவதால் அந்த வேறுபாடு இங்கே வந்து சேர்வதில்லை. ஈழப் போர்க் காலத்தில் ‘போராளிகள்’ என்று எழுதிய பேப்பர் எது, ‘பயங்கரவாதிகள்’ என்று எழுதிய பேப்பர் எது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு முழு நிலைப்பாடே இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ‘அரசு’ என்கிறார்களா ‘ஆட்சிக்கும்பல்’ என்கிறார்களா, ‘அதிபர்’ என்கிறார்களா ‘சர்வாதிகாரி’ என்கிறார்களா என்பதையும் அதே காதோடு கேளுங்கள்.

ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததை ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்றது. 2022 மார்ச்சில் அங்கே கொண்டுவந்த சட்டப்படி, ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு மாஸ்கோவிலிருந்து வரும் ஒரு செய்தியில் எது இல்லை என்பதற்கு அந்த 15 ஆண்டும் ஒரு காரணம்.

செய்வினையா செயப்பாட்டுவினையா என்று பார்ப்பதில் என்ன பயன்?

“ராணுவம் 5 பேரைக் கொன்றது”, “ராணுவத் தாக்குதலில் 5 பேர் கொல்லப்பட்டனர்”, “மோதலில் 5 பேர் பலி”, “5 பேர் உயிரிழப்பு”. நான்கும் ஒரே சம்பவம். மேலிருந்து கீழே வர வர, செய்தவர் கரைந்துபோகிறார். ஒரு வாரம் ஒரே பேப்பரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாடு கொல்லும்போது ‘கொன்றது’, எந்த நாடு கொல்லும்போது ‘உயிரிழப்பு’ என்று இரண்டு பத்தி போட்டுக் குறியுங்கள். அந்தப் பேப்பரின் சார்பு உங்கள் கையெழுத்திலேயே வந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செய்தவர் யார் என்று தெரியாதபோது செயப்பாட்டுவினைதான் நேர்மை. 2023 அக்டோபர் 17-ல் காசாவின் அல் அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு நடந்தது. நியூயார்க் டைம்ஸ் முதலில் இஸ்ரேலியத் தாக்குதல் என்று பாலஸ்தீனர்கள் கூறுவதாகத் தலைப்பிட்டது, பிறகு தலைப்பை மாற்றியது. ஆறு நாள் கழித்து, ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்று ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. தலைப்பு பறந்த தூரத்துக்கு அந்தக் குறிப்பு பறக்கவில்லை.

பலி எண்ணிக்கை சேனலுக்குச் சேனல் மாறுகிறதே, எதை எடுத்துக்கொள்வது?

முதல் நாள் எண்ணை ஒருபோதும் மனப்பாடம் செய்யாதீர்கள். 2023 அக்டோபர் 7-ல் இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இறந்தவர்கள் 1,400 என்று இஸ்ரேல் அரசு முதலில் சொன்னது, ஒரு மாதம் கழித்து அதுவே சுமார் 1,200 என்று திருத்தியது. திருத்துவது நல்ல அறிகுறி. யாரோ உடல்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காசாவின் எண்கள் அங்குள்ள சுகாதார அமைச்சகம் தருவது. அந்த அமைச்சகம் ஹமாஸ் நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது என்பதும், வெளிநாட்டு நிருபர்களைச் சுதந்திரமாக உள்ளே செல்ல இஸ்ரேல் விடவில்லை என்பதும் சேர்த்துப் படிக்க வேண்டியவை. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அங்கே சார்பு இருக்கிறது.

நிருபர் நுழைய முடியாத போரில் எண் என்ன ஆகும் என்பதை நம்மைவிட அறிந்தவர்கள் யார்? 2009-ல் முள்ளிவாய்க்காலுக்குச் சுயேச்சையான நிருபர்கள் யாரும் அனுமதிக்கப்படவில்லை. பொதுமக்கள் யாரும் சாகவில்லை என்றே இலங்கை அரசு சொல்லிவந்தது. ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் 2009 மே 13 வரை எண்ணி வைத்திருந்தது 7,721. ஐ.நா. நியமித்த நிபுணர் குழு 2011-ல், 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. 2012-ல் ஐ.நா.வின் உள் ஆய்வு, 70,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கணக்கே இல்லை என்பதைச் சுட்டியது. 7,721 என்பது பல ஆதாரங்களை ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தவை, 40,000 மதிப்பீடு, 70,000 காணாமற்போனவர்களும் சேர்ந்தது. மூன்றும் மூன்று விதமான எண்கள். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றவரைப் பொய்யர் என்றார்கள். இன்று எந்தப் போரின் எண்ணைப் பார்த்தாலும் எண்ணியது யார், எந்தத் தேதி வரை, உடலைப் பார்த்தா மதிப்பிட்டா, காணாமற்போனவர்கள் சேர்த்தியா என்று கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாத எண்ணைப் பிறரிடம் சொல்லாதீர்கள்.

பெரிய பத்திரிகைகளே ஏமாறுமா?

ஏமாறும், அதன் விலை லட்சக்கணக்கான உயிர்களாகவும் இருக்கும். 1990 அக்டோபரில் அமெரிக்காவில் 15 வயதுக் குவைத் சிறுமி ஒருத்தி, ஈராக் வீரர்கள் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதைப் பார்த்ததாக அழுதபடி சாட்சி சொன்னாள். 1991 ஜனவரியில் போர் தொடங்கியது. 1992 ஜனவரியில்தான் அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், கூலிக்கு அமர்த்திய விளம்பர நிறுவனம் பின்னால் இருந்ததும் வெளியே வந்தது. இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஈராக் குவைத்தைப் பிடித்தது உண்மை. உண்மையான ஆக்கிரமிப்பின் மேல் பொய்க் கதை ஒன்று ஒட்டப்பட்டது. இப்படி ஒட்டப்படுவதைத்தான் கண்டுபிடிப்பது கடினம்.

2003 பிப்ரவரி 5-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிப் படங்களோடு பேசினார். அடுத்த மாதம் போர். அமெரிக்கா அனுப்பிய தேடுதல் குழுவே 2004-ல் ஆயுதக் குவியல் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டு மே 26-ல் நியூயார்க் டைம்ஸ், தன் செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டது. அச்செய்திகளில் “பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி” அடிக்கடி வந்தார். ஒரே அரசைச் சேர்ந்த மூன்று பேர் பெயர் சொல்லாமல் சொன்னால், அது மூன்று ஆதாரம் ஆகாது.

கச்சத்தீவு, மீனவர் கைது பற்றிய செய்திகளில் நம் பேப்பர்களும் சார்போடுதான் எழுதுகின்றனவா?

ஆம். இதைச் சொல்ல வருத்தமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால், மொழிபெயர்ப்பே தேவைப்படாமல் இரண்டு பக்கத்தையும் படிக்கும் வாய்ப்பு தமிழருக்குத்தான் இருக்கிறது. நம் பேப்பரில் “எல்லை தாண்டியதாகக் கூறி தமிழக மீனவர்கள் கைது, இலங்கைக் கடற்படை அட்டூழியம்” என்று வரும் அதே நாளில், யாழ்ப்பாணத்து உதயனையும் கொழும்பு வீரகேசரியையும் இணையத்தில் திறந்து பாருங்கள். “இந்திய இழுவைப் படகுகள் அத்துமீறல், வடக்கு மீனவரின் வலைகள் நாசம்” என்று இருக்கும். கைதானவர் தமிழர், வலை இழந்தவரும் தமிழர். இங்கே ‘விசைப்படகு’ என்று சாதாரணமாகச் சொல்வது அங்கே ‘றோலர்’ என்று கசப்போடு சொல்லப்படுகிறது. அடிமடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது நம் பக்கத்துச் செய்திகளில் அரிதாகத்தான் வரும். சிறைபட்டவரின் வீட்டில் அடுப்பு எரியாதது அவர்கள் செய்தியில் அரிது.

ஒப்பந்தச் செய்திகளிலும் இதே கதை. 1974 ஜூன் ஒப்பந்தம் பாக் நீரிணை எல்லையைப் பற்றியது. கச்சத்தீவு அதில்தான் இலங்கை வசம் போனது. 1976 மார்ச் ஒப்பந்தம் மன்னார் வளைகுடா எல்லை. தூத்துக்குடிக்கும் உவரிக்கும் எதிரே இருக்கும் கடலுக்கு இதுதான் பொருந்தும். அதே மார்ச்சில் பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் அடுத்த நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வெட்ஜ் பேங்க் பகுதி இந்தியாவுடையது என்று உறுதியானதும் அப்போதுதான். தீவு போனதை எழுதுபவர்கள் வெட்ஜ் பேங்கை விடுகிறார்கள். வெட்ஜ் பேங்கைச் சொல்பவர்களோ, தீவைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்தவரை யாருமே கேட்கவில்லை என்பதை விடுகிறார்கள்.

ஒரு மாதம் வாரம் ஒரு செய்தியை இப்படி இருகரையிலும் படித்துப் பழகினால், மொழி தெரியாத நாட்டுச் செய்தியைப் படிக்கும்போதும் “மறுகரையில் இதை என்ன தலைப்பில் போட்டிருப்பார்கள்?” என்ற கேள்வி தானாக எழும்.

கூடங்குளம் போராட்டச் செய்திகளிலிருந்து எதைக் கற்கலாம்?

செய்திக்குச் சட்டகம் போடுவது எப்படி என்று. 1988-ல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அந்த ஆண்டே இடிந்தகரையில் போராட்டம் பெருகியது. மின்வெட்டில் தவிக்கும் மாநிலம் என்று ஒரு சட்டகம், அணு ஆபத்து என்று ஒன்று, கடல் பிழைப்பு என்று ஒன்று, அந்நியக் கை என்று ஒன்று. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அமெரிக்க அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைக் குறிப்பிட்டபின், டெல்லி ஊடகங்களில் நான்காவது சட்டகம் மேலெழுந்தது. ராதாபுரம் தாலுகாவில் இருப்பவருக்கு நான்கும் கலந்த உண்மை தெரியும். டெல்லியில் இருப்பவர் ஒன்றை மட்டும் பார்த்தார். உக்ரைனைப் பற்றியோ தைவானைப் பற்றியோ படிக்கும்போது அந்த டெல்லி வாசகரின் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

எந்தச் சேனலைப் போட்டாலும் நம்ம பக்கத்துக்கு எதிராகவே பேசுகிறார்களே?

எதிர்ப்பக்கத்தாரும் அப்படியேதான் சொல்கிறார்கள். 1982-ல் பெய்ரூத்தின் சப்ரா, ஷதீலா முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தியை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள். இரு பக்கமுமே தமக்கு எதிரான செய்தி என்றார்கள். 1985-ல் வந்த ஆய்வு இது. கோபம் வரும் செய்தியில் நாடுகளின் பெயரை மட்டும் இடம் மாற்றி ஒரு முறை படியுங்கள். அப்போதும் அநியாயமாகத் தெரிந்தால் உங்கள் புகாரில் விஷயம் இருக்கிறது.

‘உலகமே கண்டித்தது’ என்கிறார்களே?

2022 மார்ச் 2-ல் ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவுக்கு எதிரான தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 வாக்களிக்கவில்லை. நாடுகளை எண்ணினால் பெரும் கண்டனம். வாக்களிக்காத 35-ல் இந்தியாவும் சீனாவும் இருந்தன, தலைக்கு 140 கோடி மக்கள். மக்கள்தொகையை எண்ணினால் படம் வேறு. இரண்டும் சரியான கணக்கு. எதை எண்ணினார்கள் என்று மட்டும் பாருங்கள்.

‘இந்தியாவுக்கு 50% வரி’ என்றால் நம்மூர் இறால் ஏற்றுமதியாளர் அமெரிக்காவுக்கு வரி கட்டினாரா?

இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் விதித்த அந்த வரியை அமெரிக்காவில் சரக்கை இறக்குமதி செய்பவர்தான் அங்குள்ள சுங்கத்தில் கட்டினார். அவர் விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது வேறு நாட்டில் வாங்குவார். தூத்துக்குடிக்கு அடி விழுந்தது அந்த வழியில்தான். தலைப்பில் உள்ள ‘க்கு’ என்ற ஒரு வேற்றுமை உருபு இத்தனை குழப்பம் செய்தது.

கருத்துக்கணிப்புகளை நம்பலாமா?

1,000 பேரைச் சரியாகத் தேர்ந்து கேட்டால் பிழை கூடுதலாக 3, குறைவாக 3 சதவீதம் இருக்கும். எனவே 48-க்கும் 46-க்கும் வேறுபாடு இல்லை. இணையத்தில் மட்டும் கேட்டதா, நகரத்தில் மட்டுமா, கேள்வியின் வாசகம் என்ன என்று பாருங்கள். “நாட்டைக் காக்க ராணுவ நடவடிக்கை தேவையா?” என்று கேட்பதும் “போர் வேண்டுமா?” என்று கேட்பதும் ஒன்றில்லை. யூடியூப் சேனல் நடத்தும் வாக்கெடுப்பு அந்தச் சேனலின் ரசிகர்களை மட்டுமே அளக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் போர் வீடியோ உண்மையா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பத்து நிமிடம் போதும். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அனுப்பியவரிடமிருந்து குறைந்தது ஐந்து கை தள்ளி அது தொடங்கியிருக்கிறது. அனுப்பியவர் நல்லவர் என்பது இங்கே ஆதாரம் ஆகாது. வீடியோவை நிறுத்தி, கடைப் பலகையோ கட்டடமோ வண்டி எண்ணோ தெரியும் மூன்று இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் சேனல் சின்னத்தையும் வெட்டி நீக்குங்கள். அவை இருந்தால் தேடல் தடம் மாறும். கூகுள் லென்ஸில் ஒவ்வொன்றாகப் போட்டு, கிடைப்பவற்றில் மிகப் பழைய தேதியைத் தேடுங்கள். சம்பவத்துக்கு முந்தைய தேதியில் அதே படம் இருந்தால் வேலை முடிந்தது. ஒன்றும் சிக்காவிட்டால் படத்தை இடம்வலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். கண்டுபிடிக்க முடியாதபடி கண்ணாடி பிம்பமாக்கிப் போடுவது பழைய தந்திரம்.

பிறகு காதால் பாருங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 நொடி ஆகும். தொலைவில் தெரியும் வெடிப்பின் ஒளியும் சத்தமும் ஒரே கணத்தில் வந்தால் சத்தத்தைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள், அல்லது அது விளையாட்டு வீடியோ. அர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போர் என்றும் காசா போர் என்றும் பலமுறை சுற்றின. ஏ.ஐ. வீடியோவென்றால் பெரும்பாலும் எட்டு, பத்து நொடித் துண்டுகளாக இருக்கும், பலகை எழுத்துகள் பல நேரம் எந்த மொழியிலும் சேராது. நிழல் விழும் திசையையும் பாருங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் உண்மை என்று முடிவுகட்டாதீர்கள், அனுப்பாமல் விடுங்கள். இந்தியா, பாகிஸ்தான் மோதலின்போது 2025 மே 8 இரவு கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று பெரிய தொலைக்காட்சிகளே அறிவித்தன. துறைமுகம் இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஆதாரமாகச் சுற்றிய ஒரு வீடியோ, அந்த ஜனவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விமானம் விழுந்தபோது எடுத்தது.

குடும்ப குரூப்பில் பெரியவர் ஒருவர் பொய் வீடியோ போட்டால் எப்படிச் சொல்வது?

எல்லோர் முன்னாலும் ‘ஃபேக்’ என்று போடாதீர்கள். முகம் விழுந்துவிட்டால் அவர் அந்தப் பொய்யை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார். தனியாக அனுப்புங்கள்: “பெரியப்பா, நீங்க போட்ட வீடியோவ நானும் பார்த்தேன். அது ஜனவரில அமெரிக்காவுல விமானம் விழுந்தப்ப எடுத்ததாம். லிங்க் அனுப்புதேன், பாத்துட்டு நீங்களே குரூப்ல சொல்லிருங்க.” திருத்தும் மரியாதையை அவருக்கே கொடுத்தால், பெரும்பாலும் அவரே திருத்துவார். அடுத்த முறை போடும் முன் உங்களிடம் கேட்பார்.

மகன் துபாயில் இருக்கிறான். போர் வரும் என்று டி.வி.யில் கத்துகிறார்கள். எதை நம்புவது?

கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. டி.வி.யை அணையுங்கள். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பு, அவர் டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்தின் அறிவிப்பு, அவருடைய கம்பெனி அனுப்பிய செய்தி, இந்த மூன்றை மட்டும் பாருங்கள். தேதியையும் அந்நாட்டு நேரத்தையும் சரிபாருங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. உதவி தேவைப்பட்டால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையத்தளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். பாஸ்போர்ட் எண்ணும் விசா நகலும் வீட்டில் எழுதி வைத்திருங்கள்.

அந்தக் காலத்தில் ரேடியோவில் கேட்டது நடுநிலையாக இருந்ததே?

பி.பி.சி. தமிழோசை 1941-ல் உலகப் போரின் நடுவே தொடங்கியது, பிரிட்டனின் தேவைக்காக. அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ல் நின்றது. அந்நாளில் நல்லதாக இருந்தது கேட்டவரின் பழக்கம். ஒரே மாலையில் இலங்கை வானொலி, தமிழோசை, மாஸ்கோ, சீன வானொலி என்று குமிழைத் திருப்பிக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றும் தன் நாட்டுக்காகப் பேசுகிறது என்று தெரிந்தே கேட்டார்கள். இன்று போன் நமக்காகக் குமிழைத் திருப்புகிறது, நேற்றுப் பிடித்ததையே மறுபடி வைக்கிறது.

சரி, எந்தப் பேப்பரைத்தான் படிப்பது?

இப்போது படிப்பதையே படியுங்கள். கூடவே வாரத்தில் ஒரு நாள், 20 நிமிடம், ஒரே ஒரு வெளிநாட்டுச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள்: யார் சொன்னது, எந்த ஊரிலிருந்து எழுதியது, என்ன சொல் போட்டிருக்கிறது, எது விடுபட்டது. முதலில் உங்கள் பேப்பர். பிறகு அதே செய்தி ராய்ட்டர்ஸ் அல்லது ஏ.எஃப்.பி.யில். பிறகு சம்பந்தப்பட்ட இரு நாட்டுப் பத்திரிகைகளில் ஒவ்வொன்று. ஆங்கிலப் பதிப்பு இல்லாவிட்டால் கூகுள் மொழிபெயர்ப்பு போதும், ஆனால் பெயர்களையும் எண்களையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். இணையம் இல்லாதவர்கள் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் தமிழ்ப் பேப்பர் இரண்டையும் ஆங்கிலப் பேப்பர் ஒன்றையும் அடுத்தடுத்து விரித்து வைத்தாலே முதல் மூன்று பத்தி நிரம்பிவிடும்.

நான்கும் ஒத்துப்போகும் வரிகளின் கீழ் கோடிடுங்கள். ஆனால் நான்கும் ஒரே நிறுவனத்தின் செய்தியைத்தான் எடுத்துப் போட்டிருக்கின்றனவா என்று முதல் வரியில் பார்த்துவிட்டுக் கோடிடுங்கள். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான். மாதம் ஒரு முறை நோட்டைத் திருப்பி, நான்கு வாரத்துக்கு முன் கோடிட்ட வரிகள் இன்னும் நிற்கின்றனவா என்று பாருங்கள்.